ஹைட்ராலிக்கைக் கழற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், டொயோட்டாவின் சொகுசு ஜீப்பான பழைய லெக்சஸ் எல்.எக்ஸ். 470 ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால், மலையாளத்திலோ உருதுவிலோ தமிழிலோ, பெரும்பாலும் ஒரே ஆலோசனைதான் கிடைக்கும். "ஹைட்ராலிக்கைக் கழற்றிப் போடுங்க. ஸ்பிரிங் மாட்டி மூணு இஞ்ச் தூக்கிடலாம். பெரிய டயர் போட்டா எங்க வேணா போகலாம்." போன மாதம் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இப்படியே செய்துவிட்டு வந்தார். ஆயில் அழுத்தத்தால் வண்டியைத் தாங்கி, உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யும் அந்த ஹைட்ராலிக் சஸ்பென்ஷன், நல்ல நிலையில் இருந்தும் பழைய இரும்போடு போய்விட்டது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். இந்த வகை வண்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு வண்டியை, எப்போதும் உயரமாகவே நிற்கிற வண்டியாக மாற்றுவது முன்னேற்றம் இல்லை. பாலைவனத்துக்கும் வாடிக்கும் (வறண்ட ஆற்றுப்படுகைக்கும்) போகிறவர்களுக்கு அது நஷ்டம்.

1998 முதல் 2007 வரை வந்த எல்.எக்ஸ். 470, லேண்ட் க்ரூஸர் 100-இன் அடித்தளத்தில் கட்டப்பட்டது. 4.7 லிட்டர் வி8 என்ஜின், எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் போகும் இழுவை. முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், அதைத் தாங்க டார்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் போல வேலை செய்யும் நீண்ட இரும்புத் தண்டு. பின்பக்கம் முழு ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். இதற்கு மேல்தான் ஹைட்ராலிக் வருகிறது. வண்டியின் எடையில் ஒரு பகுதியை இரும்பு ஸ்பிரிங் தாங்கும், மீதியை ஆயில் அழுத்தம் தாங்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் குளோப் என்ற ஓர் இரும்பு உருண்டை உண்டு. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அதன் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். பள்ளத்தில் விழும்போது நசுங்கி விரிவது அந்த நைட்ரஜன்தான். சிட்ரோயன் 1954-லேயே பின்சக்கரங்களில் கொண்டுவந்து, மறுவருடம் டி.எஸ். காரில் நான்கு சக்கரத்துக்கும் கொடுத்த யோசனையின் வழியில் வந்தது இது. டொயோட்டா அதோடு இரும்பு ஸ்பிரிங்கையும் சேர்த்துக்கொண்டது. ஆயில் கசிந்தாலும் வண்டி தரையில் படுத்துவிடாமல், தாழ்ந்தபடியாவது வீட்டுக்கு வந்து சேருவது அதனால்தான்.

பட்டனை அழுத்தினால் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஏறும். வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டினால் தானாகவே சாதாரண உயரத்துக்கு வந்துவிடும். "அப்புறம் எதுக்கு அந்த வசதி, வேகமாப் போனா இறங்கிடுதே" என்று குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. வடிவமைத்தவர்கள் யோசித்துச் செய்த விஷயம் அது. கல்லுக்கு மேல் ஊர்ந்து போகும்போதுதான் அந்த உயரம் வேண்டும். ஷேக் முகமது பின் சயீத் ரோட்டில் 120-ல் போகும்போது அந்த உயரத்தால் ஆபத்துதான் மிச்சம்.

சரி, அப்படியானால் ஏன் இத்தனை பேர் இந்த சஸ்பென்ஷனைத் திட்டுகிறார்கள்? வயதும் பராமரிப்பின்மையும் காரணம். இருபது வருடத்தில் டார்ஷன் பாரும் காயிலும் தளர்ந்துவிடும். அவை தாங்க வேண்டிய எடையையும் ஆயிலே தாங்க வேண்டிவரும், அழுத்தம் ஏறும், நைட்ரஜன் ஏற்கெனவே நசுங்கிய நிலையில் கிடக்கும். அதனால் வண்டி கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போடும். இதைப் பார்த்துவிட்டு ஹைட்ராலிக்கே கெட்டுப்போய்விட்டது என்கிறார்கள். பல வண்டிகளில் முன்னால் டார்ஷன் பாரைச் சில சுற்று முறுக்கி, பின்னால் காயிலுக்கு ஸ்பேசர் (இடைவளையம்) வைத்தால் அழுத்தம் பழைய நிலைக்கு வந்துவிடும். கம்ப்யூட்டரை மாட்டி முன், பின் அழுத்தத்தைப் படிக்காமலேயே "கழற்றணும்" என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

குளோப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கருவிகூட வேண்டாம். ஹைட்ராலிக் ஆயில் டேங்கில் கோடுகள் போட்டிருக்கும். வண்டியை மிக உயரத்தில் வைத்து ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மிகத் தாழ்வுக்கு இறக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 14 கோடு அளவுக்கு வித்தியாசம் இருந்தால் குளோப் புதிது போல இருக்கிறது. 7-க்குக் கீழே போய்விட்டால் நைட்ரஜன் கசிந்துவிட்டது, நான்கையும் மாற்றுங்கள். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல ஸ்பிரிங், நல்ல ஷாக் அப்சார்பர், தடித்த டார்ஷன் பார், கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டார்ஷன் பார் என்று சொன்னது முக்கியம். ஹைட்ராலிக் வண்டியில் வரும் டார்ஷன் பார், சாதாரண லேண்ட் க்ரூஸரில் வருவதைவிட மெலிவானது. மீதி எடையை ஆயில் தாங்கும் என்ற கணக்கில் செய்தது. ஹைட்ராலிக்கைக் கழற்றிவிட்டு அதே பாரை இறுக்கி முறுக்கி உயரத்தைக் கொண்டுவரும் வேலையைத்தான் அந்தத் தம்பியின் வண்டியில் செய்திருக்கிறார்கள். பார்க்க வண்டி கம்பீரமாகத்தான் நிற்கிறது. வேகத்தடை ஏறினால் முன்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடி நிற்கிறது.

இன்னொரு வழி, சென்சாரை ஏமாற்றுவது. வண்டியின் உயரத்தை அளக்கும் சென்சாரின் கம்பியை நகர்த்தினால், கம்ப்யூட்டர் வண்டி தாழ்ந்திருப்பதாக நினைத்து ஆயிலை ஏற்றும். அரை மணி நேர வேலை, செலவே இல்லை. அதனால் நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் உடல் மேலே போகப் போக இரும்பு ஸ்பிரிங் விரிகிறது. விரிந்த ஸ்பிரிங் குறைவாகத்தான் தாங்கும். அந்த வித்தியாசம் முழுக்க ஆயிலின் தலையில். மேலே சொன்ன அதே அழுத்தப் பிரச்சினையை நாமே கையால் உண்டாக்குகிறோம். ஒரு அங்குலம் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் டார்ஷன் பாரையும் பின் ஸ்பேசரையும் சேர்த்துச் சரிசெய்து, அழுத்தத்தைப் படித்துப் பார்த்து, வீல் அலைன்மென்ட் செய்து, ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள். அதற்கு மேல் போனால் முன் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் மூட்டுகள் கோணலாக நின்று சுழலும். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் போகும், மணல் உள்ளே போகும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. சக்கரம் கீழே தொங்குவதற்கு ஓர் அளவு இருக்கிறது. நின்ற நிலையிலேயே அதைப் பாதி செலவழித்துவிட்டால், மணல் மேட்டின் முகட்டில் சக்கரம் தரையைத் தேடி இறங்க இடமிருக்காது. தரையில் படாத சக்கரத்தால் என்ன பயன்?

உயரம் எங்கே கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷனைத் தூக்கினால் வண்டியின் உடல் உயரும், பம்பர் கல்லில் இடிக்காது, நடுவயிறு தட்டாது. இதெல்லாம் உண்மையான லாபம்தான். ஆனால் பின் டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) ஆக்ஸிலோடு சேர்ந்தது, அது அதே இடத்தில்தான் தொங்கும். வாடியில் பாறை முதலில் தட்டுவதும் பெரும்பாலும் அதைத்தான். அதை உயர்த்தும் ஒரே வழி பெரிய டயர். இந்த வண்டியில் ஆரம்பத்தில் வந்த 275/70 ஆர் 16 டயரின் மொத்த உயரம் சுமார் 791 மில்லிமீட்டர். எல்லோரும் போடும் 285/75 ஆர் 16 சுமார் 834. வித்தியாசம் 43, அதில் பாதிதான் ஆக்ஸிலுக்குக் கீழே வரும். ஆக, 21 மில்லிமீட்டர். ஒரு அங்குலம்கூட இல்லை.

அந்த ஒரு அளவு பெரிய டயரை நான் ஆதரிக்கிறேன். என் வண்டியிலும் அதுதான். கல் மேல் போகும்போது டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் உயரமாக இருப்பது நல்லது, மணலுக்குக் காற்றை இறக்கும்போதும் நல்லது. இதற்கு வண்டியை வெட்டவோ தூக்கவோ தேவை இல்லை. ஆனால் விலை உண்டு. சுற்றளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுவதால், கியர் அந்த அளவுக்கு நீண்டதுபோல் ஆகிவிடும், இழுவையும் பிரேக் பிடிமானமும் கொஞ்சம் குறையும். மீட்டர் 120 காட்டும்போது சக்கரக் கணக்குப்படி 126 வரும். புது வண்டி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும், அந்தக் கூடுதலை டயர் தின்றுவிடும். ரேடார் கேமரா இருக்கும் ஊரில் இதை நினைவில் வைத்து ஓட்டுங்கள். 35 அங்குல டயர் என்று ஆசைப்பட்டால் டிஃபரன்ஷியல் கியர், பிரேக், வீல் ஆர்ச் என்று எல்லாமே பின்னால் வரிசையாக வந்து நிற்கும்.

சாய்வைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வண்டி கவிழ்வதைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு. இரண்டு சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தில் பாதியை, வண்டியின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரத்தால் வகுப்பது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001 முதல் கவிழும் அபாயத்துக்கு மதிப்பெண் கொடுக்கத் தொடங்கியது இதை வைத்துத்தான். உதாரணத்துக்குப் பாதி அகலம் 810 மில்லிமீட்டர், ஈர்ப்பு மையம் 750-ல் என்று வைத்துக்கொள்வோம். 1.08 வரும். அதாவது சுமார் 47 டிகிரி சாய்வில் கவிழும். மூன்று அங்குலம் தூக்கினால் 0.98, சுமார் 44 டிகிரி. மூன்று டிகிரிதானே என்று தோன்றலாம். மணல் மேட்டின் சரிவுப் பக்கம் இயல்பாக நிற்பதே சுமார் 34 டிகிரியில். அந்தச் சரிவில் குறுக்கே மாட்டிக்கொண்டால் நம்மிடம் மிச்சம் இருந்தது 13 டிகிரி, இப்போது 10. இது ஆடாமல் அசையாமல் நிற்கும் வண்டிக்கான கணக்கு. ஓடும் வண்டியில் உடல் சாயும், கீழ்ப்பக்க டயர் நசுங்கும், அந்தச் சக்கரம் மணலில் புதையும், கூரையில் டெண்டும் தண்ணீர் கேனும் இருக்கும். பத்து டிகிரியும் காணாமல் போக ஒரு நொடி போதும். குடும்பத்தை உட்காரவைத்து ஓட்டுகிறோம், இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

மணலில் மேலே ஏற்றிவிடுவது காற்றழுத்தம். 35 பி.எஸ்.ஐ.-யில் புதைகிற அதே வண்டி, 14-க்கு இறக்கினால் நடந்து போவதுபோல் ஏறும். காற்று குறைந்ததும் டயரின் தடம் நீளமாகிறது, எடை பரவுகிறது, அவ்வளவுதான். லீவா பாலைவனத்தில் முன்னூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மொரீப் மேட்டைச் சுற்றியுள்ள மணலிலும் சரி, இங்கே ஷார்ஜா பக்கத்தில் மலீஹாவிலும் சரி, தூக்காத வண்டிகள் அழகாகப் போவதைப் பார்க்கலாம். முரட்டுப் பற்கள் வைத்த சேற்று டயர் பார்க்க மிரட்டலாக இருக்கும், மணலில் தோண்டத்தான் செய்யும். நமக்கு எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன் டயர் போதும். வாங்கும்போது தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் பாருங்கள். இந்த வெயிலில் கடையில் கிடந்து பழசான ரப்பர் வேண்டாம்.

ஐஸ்லாந்துப் படங்களைக் காட்டி என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. ஆர்க்டிக் டிரக்ஸ் போன்றவர்கள் லேண்ட் க்ரூஸரில் 38 அங்குலம், 44 அங்குலம் டயர் போடுகிறார்கள், உண்மை. அங்கே பனிப்பாறையின் மேல் கிடக்கும் மெத்துப் பனியில் மூழ்காமல் மிதக்க வேண்டும். காற்றை மூன்று நான்கு பி.எஸ்.ஐ. வரை இறக்கி ஓட்டுகிறார்கள். அதற்காக ஃபெண்டரை வெட்டி, கியர் விகிதத்தை மாற்றி, வண்டியையே புதிதாகக் கட்டுகிறார்கள். தேவை முதலில் வந்தது, டயர் பின்னால் வந்தது. அவர்கள் வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு துபாய் பக்கத்து அல் குத்ரா மணலில் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கழற்றுவது சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் இடமும் இருக்கிறது. பாரமான இரும்பு பம்பர், வின்ச் (வண்டியை இழுக்கும் கம்பிவட எந்திரம்), இரண்டாவது பெட்ரோல் டேங்க், முழு முகாம் சாமான் என்று எப்போதும் நிறை சுமையோடு, உதிரிபாகம் கிடைக்காத நாடுகளுக்கு மாதக்கணக்கில் போகிறவர்கள் முழு ஸ்பிரிங்குக்கு மாறுவதில் நியாயம் உண்டு. அவர்கள் தடித்த டார்ஷன் பாரோடு முறையாகச் செய்யட்டும். வெள்ளிக்கிழமை போய் சனிக்கிழமை திரும்புகிற நமக்கு, சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தொங்காமல் தானே சமன் செய்துகொள்கிற, ஓமானின் ஜெபல் அக்தர் மலை ஏறும்போது உயர்ந்து ஹைவேயில் தாழ்கிற சஸ்பென்ஷனைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று, இங்கே அமீரகத்தில் அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் அபராதமும் லைசென்ஸில் கரும்புள்ளியும் வரும், வண்டியைப் பிடித்தும் வைப்பார்கள். வருடாந்திர சோதனையிலும் நிற்கும். ஒர்க்‌ஷாப்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

எல்.எக்ஸ். 470 வாங்கப் போவதாக இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கோட்டுச் சோதனையைச் செய்யுங்கள். ஆயில் கறுத்திருந்தால் மாற்றச் செலவு ஆகும் என்று விலையில் பேசுங்கள். அடியில் படுத்து ஆயில் பைப் துருவைப் பாருங்கள், கடற்கரைப் பக்கம் நின்ற வண்டிகளில் அது போயிருக்கும். பெரிய டயர் போடுவதாக இருந்தால் ஐந்து வாங்குங்கள். இது எப்போதும் நான்கு சக்கர இழுவை வண்டி. பழைய அளவு ஸ்டெப்னியை ஒரு பக்கம் மாட்டி ஊர் வரை ஓட்டினால் முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியல் வழிநெடுக ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டே வரும்.