இறங்கி மாறிக்கோங்க

போன வாரம் விழுப்புரத்திலிருந்து அத்தை வந்திருந்தார். வயது 71. ஒரு கையில் கட்டைப்பை, இன்னொரு கையில் ஐந்து லிட்டர் கேனில் செக்கு நல்லெண்ணெய், தோளில் வேறு ஒரு பை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "விழுப்புரத்துலேர்ந்து கிளாம்பாக்கம் வந்ததே தெரியலடா. கிளாம்பாக்கத்துலேர்ந்து அசோக் நகர் வர்றதுக்குள்ளதான் ஒரு ஊரே தாண்டின மாதிரி இருக்கு."

அத்தைக்கு இருபது வருஷப் பழக்கம் ஒன்று உண்டு. விழுப்புரத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், கோயம்பேடு போகிற பஸ் கிண்டி தாண்டி நூறடி ரோட்டில் திரும்பும்போது கண்டக்டரிடம் ஒரு குரல் கொடுப்பார்: "காசி தியேட்டர்ல இறக்கிவிட்டுடுப்பா." அவ்வளவுதான். அங்கிருந்து நான் போய்ப் பையை வாங்கிக்கொள்வேன். ஆட்டோகூட வேண்டாம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஒரே பஸ். இப்போது அந்த பஸ் சென்னைக்குள் வருவதில்லை. ஊருக்கு வெளியே இருக்கிற கிளாம்பாக்கம் பஸ் முனையத்தில் இறங்கி, வெளியூர் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மாநகர பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து, எது எங்கள் பக்கம் வரும் என்று நாலு பேரிடம் விசாரித்து, எண்ணெய் கேனோடு படியேறி வர வேண்டும்.

கிளாம்பாக்கத்தைத் திட்டி எழுத வரவில்லை. 88 ஏக்கர், கிட்டத்தட்ட 400 கோடி ரூபாய் செலவு, நல்ல கட்டடம். 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். அதற்கு முன்னால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெருங்களத்தூரில் பஸ்கள் நின்ற நிலையைப் பார்த்தவர்கள், வெளியூர் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்துவது தப்பு என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. என் சண்டை வரிசையைப் பற்றி மட்டும்தான். முனையம் திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றிருந்தது. உடனேயே அரசு விரைவு பஸ்களை அங்கே மாற்றிவிட்டார்கள், மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முதலில் ஜனங்களைக் கொண்டுபோய் இறக்கிவிடு, அவர்கள் எப்படி வீடு போய்ச் சேர்வார்கள் என்பதை அப்புறம் யோசிப்போம் என்கிற வரிசை.

இதை நாம் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறோம். 2002-ல் கோயம்பேடு திறந்தபோது பாரிமுனையிலிருந்து வெளியூர் பஸ்கள் கிளம்பிப் போயின. பாரிமுனையில் இறங்கினால் சென்ட்ரல் பக்கம், கோட்டை பக்கம், பீச் ஸ்டேஷன் பக்கம். கோயம்பேட்டில் இறங்கினால் அன்றைக்கு ரயிலே கிடையாது. அங்கே முதல் மெட்ரோ ஓடியது 2015 ஜூன் 29-ல், கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரைக்கும். பதிமூன்று வருஷம் கழித்து. அந்தப் பதிமூன்று வருஷமும் கோயம்பேட்டு வாசலில் மீட்டர் போடாத ஆட்டோக்காரரிடம் பேரம் பேசியவர்களுக்குத் தெரியும், 'ரயில் பின்னால் வரும்' என்றால் எவ்வளவு பின்னால் என்று.

சரி, அத்தை விஷயத்துக்கு வருவோம். வருஷத்தில் மூன்று தடவை வருகிறவர், சமாளித்துக்கொள்வார். தினமும் இறங்கி மாறுகிறவர்கள் கதை வேறு.

"இறங்கி மாறிக்கோங்க." சென்னை பஸ்ஸில் இந்த இரண்டு வார்த்தையைக் கேட்காதவர் யார்? மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்துத் தடம் போடுகிறவருக்கு மாறுவது என்பது இரண்டு கோடுகள் சந்திக்கும் ஒரு புள்ளி. மெயின் ரோட்டில் பெரிய பஸ், தெருக்களிலிருந்து அதற்கு ஆள் கொண்டுவர ஒரு சின்ன பஸ், நடுவில் மெட்ரோ. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் புள்ளியில் நிற்கிறவருக்கு அது வெயில், அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாத இருபது நிமிஷம், மறுபடி ஒரு படி, மறுபடி உட்கார இடம் கிடைக்குமா என்கிற கவலை, மறுபடி ஒரு டிக்கெட்.

டிக்கெட்டுதான் முக்கியம். நம் பஸ்ஸில் கட்டணம் ஸ்டேஜ் கணக்கு. ஏறியவுடன் குறைந்தபட்சக் கட்டணம், அப்புறம் தூரத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஒரே பஸ்ஸில் போனால் அந்தத் தொடக்கக் காசு ஒரு தடவைதான். அதே தூரத்தை இரண்டு பஸ்ஸில் போனால் இரண்டாவது பஸ்ஸில் கணக்கு திரும்பவும் ஆரம்பத்திலிருந்து. ஒரு தடத்தைப் பாதியில் வெட்டி 'கட் சர்வீஸ்' ஆக்கினால் அரசாணை இல்லாமலே கட்டணம் ஏறிவிடுகிறது. கட்டணத்தை உயர்த்தினால் சட்டசபையில் கேள்வி வரும், ஊர்வலம் போவார்கள். 2018 ஜனவரியில் உயர்த்தியபோது மாணவர்கள் ரோட்டுக்கு வந்து, பத்தே நாளில் கொஞ்சம் குறைத்தார்கள், ஞாபகமிருக்கும். தடத்தை வெட்டினால் யார் ஊர்வலம் போவது?

என் சித்தப்பா பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே பஸ்ஸில் இறங்கி 45 நிமிஷத்துக்குள் வேறு பஸ்ஸோ ரயிலோ ஏறினால் அது புதுப் பயணம் இல்லை, பழைய பயணத்தின் தொடர்ச்சி. மொத்தம் எத்தனை கிலோமீட்டர் போனாய் என்பதற்குத்தான் காசு. இங்கேயும் பஸ், மெட்ரோ இரண்டிலும் செல்லுகிற சிங்காரச் சென்னை அட்டை வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்து பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் என்றார்கள். நான் முதல் நாளே இறக்கிக்கொண்டேன், நிஜமாகவே நல்ல வேலை. ஆனால் ஒரே டிக்கெட் என்றால் ஒரே க்யூஆர். கட்டணம் மூன்றையும் கூட்டித்தான். மூன்று கடையில் வாங்கிய சாமானை ஒரே பையில் போட்டுக் கொடுத்த மாதிரி. இதையெல்லாம் ஒரு கூரைக்குள் கொண்டுவர வேண்டிய ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டம் போட்டது 2010-ல். அது எழுந்து நடக்கவே பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. பணம் வாங்குவதை ஒன்றாக்கியவர்களுக்குக் கட்டணத்தை ஒன்றாக்குவது முடியாத காரியமா?

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸில், அதாவது வெள்ளை போர்டு பஸ்ஸில், இலவசம். இதைப் பற்றி யார் என்ன கேலி பேசினாலும், ஒரு விஷயத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மாறுவதற்கான காசு அன்றோடு பெண்களுக்கு இல்லாமல் போனது. மூன்று பஸ் மாறினாலும் மூன்று தடவையும் பூஜ்யம். நேரம்தான் மிச்சமாகவில்லை. இலவசம் வெள்ளை போர்டில் மட்டும் என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டும். எது வெள்ளை போர்டு என்று தூரத்திலிருந்து தெரியவில்லை என்றதும், 2022-ல் பஸ்ஸின் முன்னும் பின்னும் ரோஸ் கலர் அடித்தார்கள். கேலி பண்ணினோம். ஆனால் கண்ணாடி போடாமலே நூறு மீட்டருக்கு அப்பால் வருவது நம்ம பஸ் என்று ஒரு பாட்டிக்குத் தெரிந்தது.

நான் வேலை பார்க்கும் அலுவலகம் மயிலாப்பூரில், லஸ் பக்கம். அங்கே பெருக்கித் துடைக்கிற அக்கா கண்ணகி நகரிலிருந்து வருகிறார். பிறந்தது மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே ஒரு குப்பத்தில். வீட்டை எடுத்துக்கொண்டு ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், அடுக்குமாடி கொடுத்தார்கள். வீடு மாறியது, வேலை மாறவில்லை, ஏனென்றால் வேலை இருக்கிற வீடுகளும் அலுவலகங்களும் இங்கேயேதான் இருக்கின்றன. காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறார். நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பத்துக்கும் நகரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரே கயிறு அந்த பஸ்தான்.

இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். லஸ்ஸிலும் மந்தைவெளியிலும் ஓ.எம்.ஆரிலும் ரோட்டில் பாதி தகரத் தடுப்புக்குள். பஸ் ஒரு வாரம் இந்தத் தெருவில் திரும்பும், அடுத்த வாரம் அந்தத் தெருவில். தோண்டினால் சுற்றித்தான் போக வேண்டும், அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாள் அக்காவோடு நானும் ஸ்டாப்பில் நின்றேன். பழைய நிழற்குடை அப்படியே இருக்கிறது, உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பஸ் எதுவும் நிற்கவில்லை. தகரத்தில் யாரோ செங்கல் துண்டால் கிறுக்கியிருக்கிறார்கள்: 'பஸ் நிக்காது.' அம்புக்குறி ஒன்று. அம்பு எங்கே போகச் சொல்கிறது என்று பார்த்தால், அதன்மேல் யாரோ அறைகலன் விற்பனை நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

"பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருக்கறதுகூடப் பரவால்ல சார். பஸ்ஸு எங்க நிக்குதுன்னு தேடறதுதான் பேஜாரு" என்றார் அக்கா.

சிலர் கேட்கலாம், மெட்ரோ வரப்போகிற வழியில் பஸ் எதற்கு, அந்த பஸ்ஸை வேறு பக்கம் விடலாமே என்று. கணக்குப் பார்த்தால் ஞாயமாகத் தெரியும். ஆனால் இன்றைக்கு மெட்ரோவில் ஒரு நாளைக்குச் சுமார் 3 லட்சம் பேர் ஏறுகிறார்கள். மாநகர பஸ்ஸில் 30 லட்சத்துக்கு மேல். இரண்டாம் கட்டம் முழுக்க ஓட ஆரம்பித்தால் மெட்ரோ எண்ணிக்கை ஏறும், ஏறட்டும். அப்போதும் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வீடு இருக்கிறவர் இருப்பார். பத்து ரூபாய் மெட்ரோ டிக்கெட்டுக்கும் ஐந்து ரூபாய் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவில் யோசிக்கிறவர் இருப்பார். இலவச பஸ்ஸில் வருகிற அக்காவுக்கு மெட்ரோ இலவசம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்கு 3.2 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டுகிறார்கள், 621 கோடியில். மேம்பாலத்தில் பஸ் ஸ்டாப் கிடையாது என்பதை யாராவது கவனித்தீர்களா? மேலே கார் போகும். பஸ் ஆள் ஏற்ற வேண்டுமென்றால் கீழேதான் வந்தாக வேண்டும். அதே சாலையில் பஸ்ஸுக்கென்று ஒரு வரிசையை ஒதுக்குவதற்குப் பெயின்ட்டும் துணிச்சலும் போதும். பல வருஷமாகப் பேச்சு மட்டும் நடக்கிறது. பெயின்ட் இருக்கிறது.

தடங்களை மாற்றவே கூடாது என்று அடம்பிடிக்கிற ஆள் இல்லை நான். 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்த காலத்தில் எல்லா வேலையும் பாரிமுனையைச் சுற்றி இருந்தது, அதனால் பஸ்ஸும் அங்கேயே போனது. இன்றைக்கு வேலை ஓ.எம்.ஆரில், அம்பத்தூரில், ஸ்ரீபெரும்புதூரில். கோயம்பேட்டிலிருந்து கேளம்பாக்கம் போகிற 570-ல் கால் வைக்க இடமில்லாமல் தொங்காத ஐ.டி. பையன் உண்டா? அந்தத் தடம் பழைய காலத்து அட்டவணையில் இருந்திருக்காது. யாரோ யோசித்து விட்டதுதான். அந்த மாதிரி யோசனை இன்னும் நூறு வேண்டும். சின்ன பஸ்ஸும் வேண்டும். 2013-ல் 'எஸ்' எண்களோடு 50 சின்ன பஸ் விட்டபோது, பஸ்மேல் வரைந்திருந்த இலை கட்சிச் சின்னமா, வெறும் இலையா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டோம். எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

பஸ்ஸே போதாது என்பது இன்னொரு பெரிய கதை. பெங்களூரில் 6,000-க்கு மேல் ஓடுகிறது, இங்கே அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சார பஸ் விட்டார்கள், தாழ்தளம், ஏசி இல்லாவிட்டாலும் குலுங்காது, ஏறவும் சுலபம். நல்லது. அத்தை மாதிரி முழங்கால்காரர்களுக்கு அந்தப் படி ஒன்றே பெரிய வரம். ஆனால் அது வருகிற தடத்தில் அத்தை இல்லை, அத்தை வருகிற தடத்தில் அது இல்லை!

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒரு தடத்தை மாற்றப் போகிறீர்களா, பதினைந்து நாள் முன்னால் அந்த ஸ்டாப்பிலேயே, தமிழில், பெரிய எழுத்தில், நனையாத பலகையில் எழுதுங்கள். ட்விட்டரில் போடுவதைக் கண்ணகி நகரில் காலை ஐந்தரைக்கு யாரும் பார்ப்பதில்லை. ஒரு தடத்தை வெட்டுகிறீர்களா, வெட்டிய இடத்தில் இறங்கி அடுத்த பஸ் ஏறுகிறவருக்கு அதே டிக்கெட் செல்லட்டும். மாற்றும் முன்னால் ஒரு வாரம் அந்த பஸ்ஸில் உட்கார்ந்து வாருங்கள், காலை முதல் ட்ரிப்பில். டிக்கெட் மிஷின் கணக்கில் எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று தெரியும். ஏன் அங்கே இறங்கினார்கள் என்பது கண்டக்டருக்குத் தெரியும். அவரைக் கேளுங்கள்.

இதையெல்லாம் எழுதலாம் என்று அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தெருவில் பதினெட்டுப் பெண்கள், ஒரு வாட்ஸ்ஆப் குழு. பாதிப் பேருக்கு எழுதப் படிக்க வராது, அதனால் எல்லாம் குரல் பதிவுதான். முதல் பஸ்ஸில் போகிறவர் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுவார். அன்றைக்குக் காலை வந்ததை எனக்குப் போட்டுக் காட்டினார். ரோட்டு இரைச்சல், நடுவில் ஒரு ஹாரன், மூச்சு வாங்குகிற ஒரு குரல்:

"யம்மா, அல்லாரும் கேட்டுக்கோங்க. பழைய எடத்துல நிக்காதீங்க. பெட்ரோல் பங்கு தாண்டி, எளநீ வண்டி பக்கத்துல வந்துடுங்க. டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், ரெண்டு நிமிஷம் பாப்பாரு."