எங்கள் பிள்ளைகளுக்கும் சனி, ஞாயிறு வருகிறது

அந்தப் பட்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அதுதான் சுற்றுகிறது. குழந்தைகளோடு சனி, ஞாயிறு போய்வர சென்னையில் 25 இடங்கள். அதன் கீழே "வடசென்னையில் ஒரு இடம்கூட இல்லையா?" என்று நான் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும்கூடப் பார்த்திருப்பீர்கள். "அந்தப் பக்கம் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போற மாதிரி என்னங்க இருக்கு?" அதற்கு எத்தனை சிரிப்புக் குறிகள்! அங்கேயே பதில் எழுதி அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

25 இடங்களில் ஒன்றுகூட சென்ட்ரலுக்கு வடக்கே இல்லை. கூடவே ஒரு வரைபடமும் போட்டிருந்தார்கள். ராயபுரமும் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் வர வேண்டிய இடத்தில் விளம்பரதாரர்களின் லோகோ. நாலாவது படிக்கும் என் மகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம வீடு எங்கம்மா?" என்று கேட்டாள்.

என்ன இருக்கு என்று கேட்டவருக்குச் சொல்கிறேன். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது எங்கள் ராயபுரத்திலிருந்து. வாலாஜா ரோடு வரை போனது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் பெரிய பெரிய தூண்களோடு நிற்கிறது. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்திலேயே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. நீராவி எஞ்சின்களைத் தொட்டுப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் குட்டி ரயிலும் ஓடுகிறது. மாதவரத்தில் தோட்டக்கலைப் பூங்கா இருக்கிறது. திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் சமாதி. கையில் வைத்திருந்த பேய்க்கரும்பு அந்த மண்ணில்தான் அவருக்கு இனித்தது என்ற கதையை அங்கேயே உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள், எந்தப் பிள்ளையும் எழுந்து ஓடாது. இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. குளிர்காலத்தில் பூநாரைகள் ஏரியில் கால் ஊன்றி நிற்கும்.

இதில் ஒன்றுகூடவா கண்ணில் படவில்லை?

"சும்மா ஒரு பட்டியல், இதை ஏன் பெரிசு பண்றீங்க" என்பவர்களுக்கு. போன வருடம் நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு களிமண் பயிலரங்குக்குப் போனோம். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 2,400 ரூபாய். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, மெட்ரோ, அப்புறம் ஆட்டோ. சின்னவன் என் மடியிலேயே தூங்கிவிட்டான். போய் இறங்கியதும் நடத்துகிற அம்மா எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தண்டையார்பேட்டை என்றேன். "அப்படியா! பசங்க ரொம்ப டீசன்ட்டா இருக்காங்களே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு, மகளுக்கு ஏப்ரன் கட்டிவிட்டேன். அவள் செய்த யானை இப்போதும் டிவி மேல் இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வருகிறது.

தூரம் என்கிறார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து எங்கள் பக்கம் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. நாங்கள் அங்கே வரும் தூரம்தான் நீங்கள் இங்கே வரும் தூரமும்.

பாதுகாப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் இங்கே பிறந்தவள். என் இரண்டு பிள்ளைகளும் இந்தத் தெருவில்தான் விளையாடுகிறார்கள். இதற்கு மேல் அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

காற்று சரியில்லை என்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது. ஆனால் அது எங்கள் அடுப்பிலிருந்து வந்த புகையா? எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களின் மின்சாரம் ஊர் முழுக்கப் போகிறது. மணலியில் சுத்திகரிக்கும் பெட்ரோல் எல்லோர் வண்டியிலும் ஓடுகிறது. நகரத்தின் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அன்றைக்கு வழி கண்டுபிடித்து எத்தனை கேமராக்கள் வந்தன! விபத்து என்றால் வரத் தெரிகிறது. ஒரு ஓவிய வகுப்பு நடத்த, ஒரு பொம்மலாட்டம் போட மட்டும் எங்கள் ஊர் தூரமாகிவிடுகிறது. அந்தப் புகையில் வளரும் பிள்ளைக்குத்தானே மரமும் திடலும் படம் வரைய ஒரு இடமும் முதலில் வேண்டும்?

"நீங்களே நடத்தலாமே" என்றும் கேட்பீர்கள். நடத்துகிறோம். மாலையில் சிலம்பம், குத்துச்சண்டை, பறை என்று சந்துக்குச் சந்து யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், அவர்தான் பயிற்சியாளரும். இப்படி ஒரு கேரம் போர்டைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. ஏனென்றால் அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, போட்டோ எடுக்க அலங்கார வளைவு கிடையாது.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு என்றால் ஞாயிறு ஒருநாள்தான். அன்றைக்கும் இருட்டோடு எழுந்து என்னையும் தம்பியையும் காசிமேட்டுக்குக் கூட்டிப்போவார். படகு ஒவ்வொன்றாக வந்து அணையும். வஞ்சிரம், சங்கரா, கவலை, காரப்பொடி என்று விரலால் காட்டிக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுப்பார். ஏலக்காரர் குரலைத் தம்பி அப்படியே பேசிக் காட்டுவான். வாங்குவது என்னவோ அரைக் கிலோ நெத்திலிதான். திரும்பும்போது அப்பா தோளில் உட்கார்ந்து, படகுகளில் எத்தனை நிறம் என்று எண்ணிக்கொண்டே வருவேன். நீலத்தில் மட்டும் எத்தனை நீலம்! அப்பாவுக்குப் பயிலரங்கு என்ற வார்த்தையே தெரியாது. இப்போது அவர் இல்லை. "என்ன இருக்கு" என்று கேட்டவர் என் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அப்படித்தான் பட்டது. மிகைப்படுத்துகிறேன் என்றால் இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு என் பிள்ளைகளோடு காசிமேட்டில் இருப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வருகிறார்கள். படகு பார்த்துப் படம் வரையப் போகிறோம். அட்டை, கலர் பென்சில் கூடுதலாகவே எடுத்து வருகிறேன். சிரிப்புக் குறி போட்டவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம். மீன் தண்ணீர் தெறிக்கும், பழைய செருப்பு போட்டு அழைத்து வாருங்கள்.