சீதனமாக ஒரு நோ கிளெயிம்

(லண்டன், ஈஸ்ட்ஹாம். சமையலறை மேசையில் மகளின் மடிக்கணினி. பக்கத்தில் அப்பா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி.)

அப்பா: கார் 1,800 பவுண், காப்புறுதி 2,640 பவுண் என்கிறாய். எண்களை மாற்றி வாசித்துவிட்டாய், பிள்ளை.

மகள்: சரியாகத்தான் வாசித்தேன் அப்பா. காரைவிட நான் விலை கூடியவள்.

அப்பா: இந்தக் காசுக்கு இன்னொரு காரையே வாங்கி வாசலில் நிறுத்தலாம். முதலாவது அடிபட்டால் இரண்டாவதை எடுத்து ஓடு.

மகள்: இரண்டாவதற்கும் காப்புறுதி கேட்பார்கள்.

அப்பா: உன்னில் என்ன குறை கண்டார்கள்? முதல் தடவையிலேயே சோதனையில் தேறினாய். உன் அண்ணன் நாலாவது தடவை.

மகள்: வயது பதினெட்டு. லைசென்ஸ் எடுத்துப் போன கிழமைதான் ஆகிறது. வீடு லண்டனில். வேறு என்ன வேண்டும் அவர்களுக்கு?

அப்பா: சரி, நான் சொல்வதைக் கேள். என்னிடம் 22 வருட நோ கிளெயிம் இருக்கிறது, இழப்பீடு கேட்காமல் ஓடிய வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவு. அதை உன் பெயருக்கு மாற்று.

மகள்: மாற்ற முடியாது. உழைத்தவருக்கு மட்டும்தான் அது.

அப்பா: வீட்டையும் வளவையுமே மாற்றிக் கொடுக்கிறோம், இது என்ன பெரிய விடயம்! தேசவழமை என்று கேள்விப்பட்டிருக்கிறாயா? எங்கள் யாழ்ப்பாண வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த சட்டம். தகப்பன் தேடியதை மகளுக்குச் சீதனமாக எழுதலாம்.

மகள்: இந்தப் படிவத்தில் ஒல்லாந்தருக்குக் கட்டம் இல்லை அப்பா.

அப்பா: தொலைபேசி எடுத்துக் கேள். சீதனம் என்று சொல்.

மகள்: சொன்னால் கலியாணம் எப்போது என்று கேட்பார்கள். கலியாணம் ஆனவர்களுக்குப் பல இடங்களில் கட்டணம் குறைவு.

(அப்பா ஒரு கணம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.)

அப்பா: வேண்டாம், அது பிறகு. இப்போது மூன்றாம் தரப்புக் காப்புறுதியைப் பார். மற்றவன் காருக்கு மட்டும். அதுதான் ஆகக் குறைவு.

மகள்: பார்த்தேன். அது 2,900.

அப்பா: குறைந்த சாமானுக்குக் கூடின விலையா?

மகள்: அதிகம் மோதுகிறவர்கள்தான் அதைக் கேட்கிறார்களாம். அதனால் கேட்கிற எல்லோரையும் மோதுகிறவர்களாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

அப்பா: அநியாயம். சரி, உன் மாமாவின் பழைய பென்ஸ் சும்மாதானே நிற்கிறது...

மகள்: இந்த நாட்டில் காருக்கு 1 முதல் 50 வரை காப்புறுதித் தொகுதி இருக்கிறது. நான் பார்த்துவைத்திருக்கும் ஒரு லீட்டர் எஞ்சின் கார் அடிமட்டம். மாமாவின் கார் எங்கே நிற்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அப்பா: அந்த 2,640இல் வரி ஏதும் இருக்கிறதா?

மகள்: 12 சதவீதம்.

அப்பா: பிள்ளை கார் ஓடுவதை நினைத்துப் பயப்படுகிற கம்பெனிக்கு ஒரு பங்கு, பயப்படாத அரசாங்கத்துக்கு ஒரு பங்கு! முகவரியை மாற்று. மில்டன் கீன்ஸ் சித்தப்பா வீட்டைப் போடு. அங்கே மாடுகூட சிமெந்தில் செய்த சிலைதான், அதனோடு யார் மோதப்போகிறார்கள்?

மகள்: கார் இரவில் நிற்கும் இடத்தைத்தான் எழுத வேண்டும். இங்கே நிறுத்திவிட்டு அங்கே நிற்கிறது என்றால் பொய்.

அப்பா: நீ எல்லாவற்றையும் பொய் என்கிறாய். அப்படியானால் கடைசி வழி. என் பெயரில் எடு. நான்தான் பிரதான சாரதி, நீ எப்போதாவது ஓடுகிறவள். ஊர் உலகமே அப்படித்தான் செய்கிறது. உன் பெரியம்மா வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

மகள்: தினமும் கல்லூரிக்கு ஓடப்போவது யார்?

அப்பா: நீ.

மகள்: எப்போதாவது ஓடுபவள் யார்?

அப்பா: அதுவும் நீதான். ஆனால் அதைக் காப்புறுதிக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

மகள்: மோதினால் கண்டுபிடிப்பான். காலை எட்டு மணிக்குக் கல்லூரி வாசலில் உங்கள் கார் ஏன் நின்றது என்று கேட்பான். காப்புறுதியே செல்லாது என்று கையை விரிப்பான். காப்புறுதி இல்லாமல் ஓடினால் 300 பவுண் தண்டம், லைசென்ஸில் 6 தண்டப் புள்ளி. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் லைசென்ஸையே பறிப்பார்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு எழுத்துச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா: 1707ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு நல்ல சட்டம்.

மகள்: அப்பா.

அப்பா: சரி, சரி. பெண்பிள்ளை என்று ஒரு கட்டம் இருக்குமே? பெண்பிள்ளைகளுக்குக் குறைவு என்று வேலையிடத்தில் சொன்னார்கள்.

மகள்: முன்பு குறைவுதான். ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொன்னது. 2012 டிசம்பர் 21 முதல் ஆண் பெண் பார்த்து விலை போடக் கூடாது.

அப்பா: நாங்கள்தான் ஐரோப்பாவை விட்டு வெளியே வந்துவிட்டோமே!

மகள்: நாங்கள் வந்துவிட்டோம். சட்டமும் எங்களோடு கூடவே வந்துவிட்டது, இங்கேயும் அதுதான்.

அப்பா: எல்லோருக்கும் ஒரே விலை என்றால் நல்லதுதானே. ஆண் என்ன, பெண் என்ன.

மகள்: நல்லதுதான். இந்த வீட்டில் எப்போது அமுலுக்கு வரும் என்றுதான் தெரியவில்லை. அண்ணாவுக்குக் கார் வாங்கியபோது நீங்கள் எண்ணை வாசிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டீர்கள்.

(அப்பா எழுந்துபோய்க் கேத்தலில் தண்ணீர் நிரப்பினார். ஏற்கெனவே நிரம்பியிருந்த கேத்தல் அது.)

அப்பா: பழையதைக் கிளறாதே. நோ கிளெயிமுக்கு வா. 22 வருடம். சும்மா விடுவதா? பாதியையாவது சீதனமாக...

மகள்: ஒன்பது வருடத்துக்கு மேல் பல கம்பெனிகள் எண்ணுவதே இல்லை. அது இருக்கட்டும், உங்கள் புதுப்பிப்புக் கடிதம் இதோ. இதில் நோ கிளெயிம் 4 வருடம் என்று இருக்கிறது.

அப்பா: அச்சுப்பிழை.

மகள்: கோயில் தேர்த் திருவிழாவுக்கு உங்கள் காரைக் கொண்டுபோய், நின்றுகொண்டிருந்த வேனில் பின்பக்கமாக ஏற்றியது யார்?

அப்பா: உன் அண்ணன் ஓட்டியது. நான் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன்.

மகள்: காப்புறுதி உங்கள் பெயரில். மற்றவர் ஓட்டினாலும் உங்கள் கணக்கில்தான் விழும். 20 வருடத்தையும் வெட்டி 3 ஆக்கினார்கள், போன வருடத்தோடு 4. மிச்சம் அன்றைக்கே சீதனமாகப் போய்விட்டது அப்பா. ஆண்பிள்ளைக்கு.

(இதற்கு மேல் எந்தத் தகப்பனாலும் பதில் சொல்ல முடியாது. இவர் சொன்னார்.)

அப்பா: அந்த வேன் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நின்றது.

மகள்: சரி. இப்போது உண்மையான வழிகளைப் பார்ப்போம். அனுபவம் உள்ள ஒருவரை மேலதிக சாரதியாகச் சேர்த்தால் குறையும். அவர் உண்மையாகவே இடைக்கிடை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா: அதை முதலே சொல்லியிருக்கலாமே! போடு என் பெயரை. 24 வருட அனுபவம்.

மகள்: போடுகிறேன்... 2,790.

அப்பா: கூடிவிட்டதா?

மகள்: வேகத்துக்கு விழுந்த 3 புள்ளி, தேர்த் திருவிழா, எல்லாம் நீங்கள் வரும்போது கூடவே வருகின்றன.

அப்பா: எடு, எடு. என் பெயரை எடு.

மகள்: அம்மாவைப் போடுகிறேன்... 2,310.

அப்பா: அவளா? பழைய தமிழ்க் கடைக்கும் கோயிலுக்கும் 20 மைலில் ஊர்ந்து ஊர்ந்து போகிறவளா? அவளுக்குப் பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான்!

மகள்: அந்த ஊர்தலுக்குத்தான் 330 பவுண் கழிவு. இனிக் காருக்குள் பெட்டி பூட்டுகிற காப்புறுதியைப் பார்க்கிறேன். எவ்வளவு வேகம், எப்படித் திருப்புகிறேன், எப்போது பிரேக்கை மிதிக்கிறேன், எத்தனை மணிக்கு ஓடுகிறேன் எல்லாவற்றையும் அது அறிவிக்கும். ஒழுங்காக ஓட்டினால் புதுப்பிக்கும்போது குறைப்பார்கள். பெட்டியோடு 1,870.

அப்பா: எத்தனை மணிக்கு என்பதும் தெரியுமா?

மகள்: ம். இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஓடினால் மதிப்பெண் குறையும்.

அப்பா: அருமையான பெட்டி! ஒன்றென்ன, இரண்டு பூட்டச் சொல். எனக்கும் அறிவிக்குமா?

மகள்: அண்ணாவின் காரிலும் பூட்டலாம் அப்பா.

அப்பா: அவன் ஆண்...

மகள்: 2012 டிசம்பர் 21.

அப்பா: ...அவனும் பதினொரு மணிக்குள் வீட்டுக்கு வரத்தான் வேண்டும் என்று சொல்ல வந்தேன். காசைச் சொல். மாதாமாதம் கட்டலாம்தானே?

மகள்: கட்டலாம். அதற்கு வட்டி போடுகிறார்கள். மொத்தமாகக் கட்டினால்தான் 1,870.

அப்பா: அப்படியானால் இந்த மாதம் சீட்டை எடுக்கிறேன்.

மகள்: அது அண்ணாவின் கலியாணச் செலவுக்கு என்றீர்களே?

அப்பா: முதலில் அவனுக்கு ஒரு பெண் கிடைக்கட்டும். பெண் வீட்டார் அவன் கார் ஓட்டுவதைப் பார்க்காமல் இருக்கட்டும். நீ அம்மாவைக் கூப்பிடு, லைசென்ஸ் எண்ணைக் கேட்டு எழுதுவோம்.