உயரமா, ஒளியா?

இடைக்கால ஐரோப்பாவில் எழுந்த கோதிக் பாணிக் கிறிஸ்தவப் பேராலயங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் உயரத்தில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அது என்றுமே நிறைவு தந்ததில்லை. அந்தக் கட்டடக்கலையின் உயிர் ஒளியில் இருக்கிறது என்பதும், உயரம் அதன் கூடவே வந்தது என்பதும் என் கருத்து.

பாரிசுக்கு வடக்கே புனித தெனி மடாலயத்தின் தலைவராக இருந்த சூஜே, பழைய ஆலயத்தின் கீழ்த்திசைப் பகுதியைப் புதிதாக எழுப்பி, 1144 ஜூன் 11 அன்று அர்ப்பணித்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளில் உயரத்தைவிட ஒளியே அதிகம் பேசப்படுகிறது. மந்தமான மனம் பொருள்களின் வழியாகவே உண்மையை நோக்கி எழுகிறது என்ற கருத்தை அவர் ஆலயக் கதவிலேயே பொறித்து வைத்தார். (கடவுளை ஒளியாகக் கண்ட, அதே தெனி என்ற பெயருடைய கிரேக்க ஞானி ஒருவரும், சமயத்துக்காக உயிர்நீத்து அங்கு அடக்கமாகியிருந்த வேதசாட்சி தெனியும் ஒரே ஆள் என்று அந்தத் துறவிகள் நம்பியிருந்தார்கள். உண்மையில் அவர்கள் வேறு வேறு ஆட்கள்.)

ஆனால் கூரையின் பாரத்தைச் சுவர் சுமக்கும்வரை அதில் பெரிய சாளரம் திறக்க முடியாது. கூர்முனை வளைவு பக்கவாட்டு உந்தலைக் குறைத்தது. கூரையின் அடியில் விலா எலும்புகள்போல் ஓடும் கல்வரிகள் பாரத்தைத் தூண்களில் கொண்டு சேர்த்தன. மிஞ்சிய உந்தலை, சுவரைவிட்டு விலகி வெயிலிலும் மழையிலும் நிற்கும் முட்டுகள் வளைந்த கைகளால் ஏந்திக்கொண்டன. சுமையிலிருந்து விடுபட்ட சுவர் கண்ணாடியாயிற்று. 1194-இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் எழுந்த பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் வண்ணக் கண்ணாடிகளின் நீலத்தில் நனைந்து நிற்பவருக்கு வெளியே நிற்கும் முட்டுகள் தெரிவதில்லை. அந்தத் தெரியாமையே இக்கலையின் ஆன்மிகம் என்பேன். சுமப்பது வெளியே நிற்கிறது, ஒளி மட்டுமே உள்ளே வருகிறது.

உயரமே குறியானால் என்ன ஆகும் என்பதற்குப் அதே நாட்டின் போவே நகரப் பேராலயம் இருக்கிறது. ஏறத்தாழ 48 மீட்டர் உயரத்தில் அமைந்த அதன் பலிபீடப் பகுதியின் கூரை 1284-இல் பகுதியாக இடிந்தது. தூண்களுக்கு நடுவே புதிய தூண்களைச் செருகித்தான் மீண்டும் கட்டினார்கள். பிறகும் ஆசை அடங்கவில்லை. மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடத்தைத் தொடங்குவதற்கு முன்பே 153 மீட்டர் கோபுரம் எழுப்பினார்கள். அது 1573-இல் சரிந்தது. நடுக்கூடம் கட்டப்படவே இல்லை. அது வர வேண்டிய இடத்தில், இடித்து அகற்ற எண்ணியிருந்த பழைய சிறு கோயிலின் ஒரு பகுதி இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.