நம் ஊர்ப் பூங்காக்களில் நம் மண்ணின் புல்லுக்கு இடம் வேண்டும்

இராமநாதபுரம் கடலோரத்தில் எங்கே புதிதாகப் பூங்கா அமைத்தாலும், அங்கே தானாக வளர்ந்து நிற்கும் புல்லையும் பூண்டையும் ஜேசிபி வைத்து வழித்தெடுப்பதுதான் முதல் வேலையாக இருக்கிறது. பிறகு லாரியில் செம்மண் வருகிறது. அதன்மேல் நர்சரியிலிருந்து சதுரம் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்த கொரியன் புல்லைப் பதிக்கிறார்கள். ஓரத்தில் குரோட்டன்ஸ் வரிசை, நடுவில் ஒரு செயற்கை நீரூற்று, வாசலில் 'புல்தரையில் நடக்காதீர்கள்' என்ற பலகை. திறப்பு விழா முடிந்து இரண்டு கோடை கழிவதற்குள் அந்தப் புல் திட்டுத்திட்டாகக் கருகி, அதே புல்லை மறுபடியும் வாங்கிப் பதிப்பதற்கு மதிப்பீடு தயாராகிவிடுகிறது. இதை நிறுத்த வேண்டும், நம் பூங்காக்களில் ஒரு பகுதியையாவது இந்தக் கரைக்கே உரிய புல்வெளியாக மீட்டெடுக்க வேண்டும், அந்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் முழுதாக ஒப்படைத்துவிடாமல் ஊர்மக்களைக் கூட வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. குடிப்பதற்கு, காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீரை நம்பியிருக்கிறோம். அந்தத் தண்ணீர் வராத நாட்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதை இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில், கோடையில் தொடர்ந்து தண்ணீர் காட்டாவிட்டால் கருகிவிடும் புல்லுக்கு டேங்கர் வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது எந்த வகையில் நியாயம்?

நம் கரை காடாக இருந்த இடமன்று. பனை, குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம், இவற்றுக்கிடையே விரிந்து கிடக்கும் புல்தரை, கரையை நெருங்க நெருங்க அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும், உப்பு ஏறிய பள்ளங்களில் உமரி: இதுதான் இந்த மண் தானாக எடுத்துக்கொண்ட உருவம். இடையிடையே மரம் நிற்கும் இந்தப் புல்வெளியை நம் நிர்வாகம் நெடுங்காலமாகத் தரிசு என்றே எழுதி வந்திருக்கிறது. நாடு முழுவதற்கும் தயாரிக்கப்பட்ட தரிசுநில வரைபடத்திலேயே புல்லும் புதரும் நிறைந்த நிலங்கள் பெருமளவில் தரிசுக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தரிசு என்று எழுதிவிட்டால், அங்கே எதைக் கொண்டுபோய் வைத்தாலும் நன்மையாகத்தான் தெரியும். மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஜப்பானியத் தாவரவியலாளர் மியாவாக்கி காட்டு நிலங்களுக்காக வகுத்த அடர்நடவு முறையை, மணலும் உப்புக்காற்றுமாக இருக்கும் நம் புல்தரையில் கொண்டுவந்து வைத்து அதைப் பசுமை என்று பெயரிடுவதை ஏற்க என்னால் முடியவில்லை. ஒரு புல்வெளியை அழித்து வைக்கும் காடு, அந்தப் புல்வெளியை நம்பி வாழ்ந்த உயிர்களுக்கு ஓர் இழப்பு.

உலகத்தில் வேறு சில ஊர்க்காரர்கள் இந்த இழப்பை நம்மைவிடக் கடுமையாக அனுபவித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில் பிரெய்ரி என்று சொல்லப்படும் உயர்புல் சமவெளி பரந்து கிடந்தது. 1837-இல் ஜான் டீர் (இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டரின் பெயருக்குரிய அதே மனிதர்தான்) எஃகுக் கலப்பையைச் செய்த பிறகு, அதுவரை உழ முடியாதிருந்த அந்தக் கரிய மண் சில தலைமுறைகளுக்குள் மக்காச்சோளக் காடாகிவிட்டது. 'பிரெய்ரி மாநிலம்' என்று பட்டப்பெயர் கொண்ட இல்லினாயில் பழைய பிரெய்ரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று மிஞ்சவில்லை. 1930-களில், விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மேடிசன் நகரில் தனக்கிருந்த பழைய பண்ணை நிலத்தில் பிரெய்ரியை மீண்டும் உருவாக்கும் முயற்சியைத் தொடங்கியது. பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து அரசின் பணித்திட்டத்தில் சேர்ந்திருந்த இளைஞர்கள்தான் அங்கே மண்ணைக் கிளறிப் புல்கட்டிகளை நட்டார்கள். கர்ட்டிஸ் பிரெய்ரி என்று அழைக்கப்படும் சுமார் 70 ஏக்கர் கொண்ட அந்த நிலம் இன்றும் நகரத்துக்குள் புல்வெளியாக இருக்கிறது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சிகாகோவில் நடந்தது. 1977-இல் ஸ்டீவ் பேக்கார்ட் என்பவரும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும், சிகாகோ ஆற்றின் வடகிளையை ஒட்டிய பொது நிலங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் புதர் வெட்டவும் விதை தூவவும் தொடங்கினார்கள். விதைக்கு அவர்கள் எந்த நர்சரிக்கும் போகவில்லை. தண்டவாள ஓரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் கலப்பை படாமல் தப்பிப் பிழைத்திருந்த துண்டு நிலங்களைத் தேடிப் போனார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடனே நம் பக்கத்து இடங்கள்தான் நினைவுக்கு வந்தன. மண்டபத்துக்குப் போகும் ரயில் பாதையின் இருபுறமும், தர்காக்களின் வெளித்திடல்களும், தேவாலயக் கல்லறைகளின் ஓரமும், ஐயனார் கோயில் பொட்டலும் நமக்கு அப்படிப்பட்ட விதைக் களஞ்சியங்கள்தாம். யாரும் தொடக்கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடும் அச்சமும் பக்தியும் காப்பாற்றி வைத்திருக்கும் புல் அங்கே இருக்கிறது.

எங்கள் பகுதியிலுள்ள ஒரு பூங்காவின் மதிலுக்கு வெளியே, ஒருவரும் கவனிக்காத ஒரு நீளத்துண்டு நிலம் உண்டு. கார்த்திகை மழைக்குப் பிறகு அதைக் குனிந்து பார்க்க வேண்டும். தரையோடு படர்ந்த நெருஞ்சியின் மஞ்சள் பூக்கள் எல்லாம் வெயில் வரும் பக்கம் பார்த்தபடி இருக்கும், அதற்கு மேலே முழங்கால் உயரத்தில் கொழுஞ்சியின் ஊதாப் பூ, இடையில் தும்பை, பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கும் கண்ணுப்பிள்ளை வெள்ளை வெள்ளையாகக் கதிர்விட்டு நிற்கும். ஓரத்து எருக்கஞ்செடியின் இலையடியில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிவரியாக ஒரு புழு இலையைக் கடித்துக்கொண்டிருக்கும்; அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியாகப் போகிறது. கிலுகிலுப்பைச் செடி ஒன்று இருந்துவிட்டால் வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து அதில் மொய்க்கும். மதிலுக்கு உள்ளே, பராமரிப்புச் செலவில் வாழும் கொரியன் புல்லில், இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அந்தத் துண்டு நிலத்தில் ஆடு மேய்க்க வந்திருந்த ஒரு பெரியவரிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். நம் மாவட்டத்துக் கீதாரிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோடையில் ஆட்டுமந்தையோடு தஞ்சைப் பக்கம் வரைக்கும் நடந்து, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, மழைக்காலத்தை ஒட்டி ஊர் திரும்புகிறவர்கள் அவர்கள். பூங்காவில் நம் புல்லையே வளர்த்தால் என்ன என்று நான் கேட்டதற்கு அவர் உடனே ஊசிப்புல்லைக் காட்டினார். "தம்பி, இது எளசா இருக்கையில ஆடு நல்லாத் திங்கும். முத்திப்போச்சுன்னா வாயில குத்தும், தோலுக்குள்ள ஏறிரும். பிள்ளைக வெளையாடுற எடத்துல மட்டும் இத விட்றாதீக" என்றார். "வேற என்னதான்யா போடலாம்?" என்று கேட்டேன். "கொழுக்கட்டைப்புல்லு போடுங்க. மழ தப்புனாலும் அது தப்பாது" என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னே போய்விட்டார். எந்தப் புல் எப்போது முளைக்கும், எது உப்பைத் தாங்கும், எதன் விதை எந்த மாதம் உதிரும் என்பதெல்லாம் அவரைப் போன்றவர்களுக்குத் தெரியும். உமரிக்கீரை பறிக்கும் பெண்களுக்குத் தெரியும், பனையேறிகளுக்குத் தெரியும். ஆனால் பூங்கா ஒன்று திட்டமிடப்படும்போது இவர்களில் ஒருவரையும் அழைத்து யாரும் கேட்பதில்லை. நம்மிடம் உள்ள மிகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

மக்களைக் கேட்காமல் நல்லது செய்யப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சிகாகோவே பாடம். தன்னார்வலர்கள் பிரெய்ரியை மீட்பதற்காக மரங்களை வெட்டினார்கள், களைக்கொல்லி அடித்தார்கள், புல்லுக்குத் தீ வைத்தார்கள். இவை அத்தனைக்கும் அறிவியல் காரணம் இருந்தது. பிரெய்ரியே தீயில் புதுப்பிக்கப்படும் நிலம், அங்கிருந்த பழங்குடியினரே காலங்காலமாகத் தீ மூட்டி அதைப் பேணியவர்கள். ஆனால் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குத் தங்கள் வீட்டுக்கு எதிரேயிருந்த மரம் ஏன் போனது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எதிர்ப்பு வலுத்தது, 1996-இல் அந்தப் பகுதியின் நிர்வாகம் மீட்புப் பணிகளையே நிறுத்தி வைத்தது, சில இடங்களில் அந்தத் தடை பல ஆண்டுகள் நீடித்தது. செடிகளை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள், அக்கம்பக்கத்தாரைத்தான் சேர்த்துக்கொள்ளத் தவறினார்கள்.

அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முக்கியமாகத் தீ நமக்கு வேண்டவே வேண்டாம். குடிசையும் பனையோலையும் சூழ்ந்த ஊர்களில் அதை நினைத்தும் பார்க்கக்கூடாது. தீ அங்கே செய்யும் வேலையை இங்கே ஆட்டின் வாயும் அரிவாளும் செய்யும். விதை உதிர்ந்த பிறகு, மாசி பங்குனியில், ஒரு மந்தையைச் சில நாட்கள் உள்ளே விட்டுக் கிடை போட்டால் காய்ந்த பழைய புல்தாள் குறையும், மண்ணுக்கு எருவும் கிடைக்கும். நம் மாவட்டத்துக்கே பெயர் பெற்ற இராமநாதபுரம் வெள்ளை ஆடுகளுக்கு, சீமைக்கருவேல் சூழ்ந்து சுருங்கிப்போன மேய்க்கால் நிலத்துக்கு மாற்றாகக் கொஞ்சம் தீவனமாவது ஊருக்குள் கிடைக்கும்.

சீமைக்கருவேலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை வெட்டினால் போதாது. அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் தழைத்துவிடும் என்பதால் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். தோண்டிய பிறகும் மண்ணுக்குள் கிடக்கும் விதை ஆண்டாண்டுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும்; ஆவணி புரட்டாசியில் விழும் முதல் மழைக்கு முளைப்பதையெல்லாம் கையால் பறித்துவிட்டு அதற்குப் பிறகுதான் நம் விதையைத் தூவ வேண்டும். பார்த்தீனியத்துக்கும் இதே முறைதான். ஒப்பந்தக்காரர் ஒருமுறை வந்து வேலையை முடித்துப் பில் போட்டுவிட்டுப் போகிறவர். மழைக்கு மழை வந்து குனிந்து களை பறிக்க அவரால் ஆகாது. அந்தந்தத் தெருவின் மகளிர் குழுவுக்கும் பள்ளியின் பசுமைப் படைக்கும் அது முடியும். புல்பதிப்புக்கும் டேங்கருக்கும் போகும் தொகையிலிருந்து மகளிர் குழுவுக்குக் கூலி கொடுத்தாலே போதும். இலவச உழைப்பைக் கேட்டு ஏழைப் பெண்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

மண்ணைப் பற்றியும் ஒன்று. தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டி நன்னீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால்தான் அது கிடைக்கிறது. மணலின் மேல் செம்மண்ணைக் கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்கி, பாதிக்கு சிமெண்டுக் கல் பதித்துவிட்டால் மழைநீர் எங்கே இறங்கும்? நம் புல்வகைகள் மணலிலேயே வேர்விடக் கூடியவை; அவற்றுக்கு வெளிமண் தேவையில்லை. ஆனால் கடற்கரை மணல்மேடுகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, தொடாமல் விட்டாலே போதும். வனத்துறையின் அனுமதி இல்லாமல் மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்தோ காப்புக்காடுகளிலிருந்தோ ஒரு விதையும் எடுக்கக்கூடாது.

உயரமான புல் என்றதும் பாம்பு வரும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது, அதைப் பழிக்கக்கூடாது. நடைபாதையின் இருபுறமும் ஆளுயர அகலத்துக்குப் புல்லைக் குட்டையாக வெட்டி வைத்து, பாதையோரத்தில் அருகம்புல்லை மட்டும் விட்டு, ஊசிப்புல்லும் நெருஞ்சியும் பிள்ளைகள் ஓடும் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பகுதி அச்சம் தீரும். அமெரிக்க நகரங்களிலும் ஓரத்தை நேர்த்தியாக வெட்டி வைக்கிறார்கள். இது கவனிப்பாரற்றுக் கிடக்கும் புதரன்று, ஒருவர் பார்த்துக்கொள்ளும் நிலம் என்பது அதைக் கடந்து போகிறவருக்கு உடனே புரிகிறது. சித்திரை வைகாசியில் புல் காய்ந்து பழுப்பாகத்தான் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே ஊரில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் செத்துவிட்டது என்று யாராவது மனு கொடுத்து அதையும் வழித்தெடுத்துவிடுவார்கள்.

விதை சேகரிக்கத் தை, மாசிதான் ஏற்ற காலம். தை மாதத்தில்தான் ஜனவரி 26 கிராம சபையும் வருகிறது. அந்தக் கூட்டத்தில், நகரமாக இருந்தால் பகுதி சபையில், ஊர்ப் பூங்காவிலோ பள்ளித் திடலிலோ அரை ஏக்கரைப் புல்வெளிக்கு ஒதுக்கும்படி தீர்மானம் கேளுங்கள். அந்தத் தீர்மானத்திலேயே ஒரு கீதாரியையும், கீரை பறிக்கும் ஒரு பெண்ணையும், அந்தத் தெருக்காரர் இருவரையும் பொறுப்புக் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதங்களில் விதை சேர்த்து நிழலில் உலர்த்தி வைத்து, கோடையில் சீமைக்கருவேல் வேரைத் தோண்டி, முதல் மழையில் களை பறித்து, புரட்டாசி கடைசியில் விதையை ஆற்றுமணலோடு கலந்து தூவினால், ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.