ஐந்து நிமிடம் கிரைண்டரை நிறுத்தக் கூடாதா?

கவிதை வாசிப்பு நடத்தும் காபி கடைகள் 'கலைஞர்களுக்கான இடம்' என்று சுவரில் எழுதிவிட்டால் போதுமா? மைக்கை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். பில் கவுண்டர் பக்கத்தில், காபிக் கொட்டை அரைக்கும் கிரைண்டருக்கு நேர் எதிரே! ஒரு டபுள் ஷாட்டுக்கு, அதாவது இரட்டை அளவு எஸ்பிரெசோ காபிக்கு, 18 கிராம் கொட்டை கரகரவென்று அரைபடும். பழைய சக்கையைக் கொட்ட டக் டக்கென்று இரண்டு தட்டு. அடுத்து பால். 65 டிகிரி வரும்வரை நீராவிக் குழாய் சீறித் தீர்க்கும். கவிதையின் உயிரான வரி வரும்போதுதான் யாராவது கோல்ட் காபி கேட்பார்கள், மிக்ஸி அலறும். வாசிப்பவர் தொண்டை கிழியக் கத்துவதா?

ஸ்பீக்கர் இன்னும் கொடுமை. வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், மைக்கைப் பார்த்தபடி நிற்கும். அதில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள்ளேயே போனால் கீச்சிடாமல் என்ன செய்யும்? இரண்டடி முன்னால் இழுத்துக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்ப எவ்வளவு நேரமாகும்? யாரும் செய்வதில்லை, ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். கடைசி வரிசைக்கு வெறும் உதட்டசைவுதான்.

பூச்சில்லாத சிமென்ட் சுவர், கண்ணாடி முகப்பு, இரும்பு நாற்காலி. பார்க்க அழகுதான். ஒலியை உறிஞ்ச ஒரு திரைச்சீலை உண்டா? நாற்காலியை யாராவது இழுத்தால் கடையே அதிர்கிறது. மஞ்சள் பல்பு தலைக்குப் பின்னால் தொங்குவதால் வாசிப்பவரின் நிழல் அவர் தாளிலேயே விழுகிறது.

முதன்முறை மேடையேறும் பிள்ளை கை நடுங்க நிற்கிறது. அந்த ஐந்து நிமிடம் காபி அரைக்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமா?