ஒன்று விட்டு ஒன்று அணைத்தால் பாதிச் செலவு மிச்சமா?

இரவு வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நான் வீட்டுக்கு நடக்கும் வழியில் பன்னிரண்டு லைட் போஸ்ட்கள் உண்டு. மூன்று வாரமாக அதில் ஆறுதான் எரிகிறது. பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புகார் கொடுத்தேன். பழுதெல்லாம் இல்லையாம். செலவைக் குறைக்க ஒன்று விட்டு ஒன்று அணைத்து வைத்திருக்கிறார்களாம்.

கேட்டவுடன் சரியாகத்தான் பட்டது. பாதி விளக்கு, பாதி பில். ஆனால் அந்த வழியில் நடக்கிறவர்களுக்குத் தெரியும், வெளிச்சம் அப்படிப் பாதியாகக் குறைவதில்லை. எரியும் போஸ்ட்டின் அடியில் பழைய வெளிச்சம் அப்படியே இருக்கிறது. அடுத்த போஸ்ட்டின் அடியில் கும்மிருட்டு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நமக்குக் கிடைப்பதோ சில விநாடி. கொஞ்சம் பழகுவதற்குள் அடுத்த வெளிச்சம் வந்து கண்ணைக் கூசுகிறது, மறுபடி இருட்டு.

போன வாரம் எனக்கு முன்னால் போன பெரியவர் ஒருவர், பெயர்ந்து கிடந்த நடைபாதைக் கல் தடுக்கி முழங்கால் அடிபட விழுந்தார். கைத்தாங்கலாகத் தூக்கி, எரிகிற போஸ்ட்டின் கீழே கூட்டி வந்த பிறகுதான் வேட்டியில் ரத்தம் இருப்பதே தெரிந்தது. "கல்லு இருக்கறதே தெரியலம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போய்ச் சேருகிறது. வண்டி ஓட்டுபவருக்கும் இதே பாடுதான். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். இருட்டுத் துண்டில் சாலையைக் கடக்கும் ஆளை ஒரு விநாடி தாமதமாகப் பார்த்தால் அந்த 17 மீட்டரும் போச்சு.

மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விளக்கு எல்இடியாக இருந்தால், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பாதி அளவுக்கு மங்கச் செய்யலாம். மிச்சம் ஏறக்குறைய அதேதான். ஆனால் சாலை முழுக்கச் சீரான வெளிச்சம் இருக்கும். பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும்கூட அது நல்லது. இன்னும் சோடியம் விளக்கு எரிகிற இடங்களில், 250 வாட் விளக்கைக் கழற்றிவிட்டு 100, 120 வாட் எல்இடி போட்டாலே செலவு பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

அங்கேயும் வேறு விதமான சிக்கனம் வந்து நிற்கிறது, அதுதான் எனக்கு இன்னும் கவலை. டெண்டரில் இத்தனை வாட், விலை குறைவாக இருக்க வேண்டும் என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். தரையில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும், இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. எல்இடி சில்லு அவ்வளவு சீக்கிரம் போகாது. பெரும்பாலும் போவது, டிரைவர் என்று சொல்கிற, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்தான். மின்னல் அடிக்கும்போது கம்பியில் பாயும் திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்க சர்ஜ் புரொடக்டர் என்று ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. விலையைக் குறைக்கிறேன் என்று அதில் கை வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே வரிசையாக விளக்குகள் கண்ணை மூடிவிடும். அப்புறம் ஏணி வண்டி, ஆட்கள், விளக்குக்குப் புது டிரைவர். பொருளில் மிச்சம் பிடித்த காசு வேலைக் கூலியில் போய்விடும்.

அமெரிக்காவில் ஹைலண்ட் பார்க் என்று ஒரு சின்ன நகரம். மின் நிறுவனத்துக்கு வைத்த பாக்கி சுமார் 40 லட்சம் டாலரானதும், 2011இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போக விட்டார்கள். குடியிருப்புத் தெருக்கள் இருளில் மூழ்கின. பிறகு அங்குள்ள மக்களே சேர்ந்து சூரிய மின்விளக்கு நட ஆரம்பித்தார்கள். அதை ஒட்டியிருக்கும் டெட்ராய்ட் 2013இல் திவால் அறிவித்தபோது, அங்கே சுமார் 40 சதவீத விளக்குகள் எரியவில்லை. அந்த நகரமே பிற்பாடு கடன் வாங்கி, 2016 முடிவதற்குள் சுமார் 65,000 எல்இடி விளக்குகளைப் போட்டது. காசு இல்லாத ஊரே விளக்கு வேண்டும் என்று முடிவு செய்ததை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஓர் ஆய்வு இருக்கிறது, மறைக்க மாட்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளை எடுத்துப் பார்த்து, விளக்கை அணைத்ததாலோ மங்கச் செய்ததாலோ விபத்தும் குற்றமும் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று 2015இல் சொன்னார்கள். அந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். ஆனால் அது விபத்துக்கும் குற்றத்துக்கும் போட்ட கணக்கு. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் இப்போது இந்த வழியாக வருவதில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கால் மணி நேரம் சுற்றிப் போகிறாள். அவளுக்கு எதுவும் நடக்கவில்லை, அதனால் எந்தப் பதிவேட்டிலும் அவள் இல்லை. தினமும் அந்தக் கால் மணி நேரம் அவளுடையது. விளக்கணைப்பின் செலவு அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எந்த விளக்கை அணைப்பது என்று எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். எதையும் பார்க்கவில்லையாம். இரட்டைப்படை எண் போட்ட போஸ்ட்டெல்லாம் அணைப்பாம், அவ்வளவுதான். எட்டாம் எண் போஸ்ட், சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளுக்கு நேர் மேலே இருக்கிறது. அதையாவது முதலில் போடுங்கள் என்று இன்று மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.